பூட்டை மாற்றாமலே டிக்கிக் கோளாறைத் தீர்த்த பைபாஸ் சாலைப் பட்டறை

மதுரை காளவாசலிலிருந்து பழங்காநத்தம் செல்லும் பைபாஸ் சாலையிலிருந்து உள்ளே பிரியும் ஒரு தெருவில் இருக்கிறது இந்த ஆட்டோ எலக்ட்ரிக்கல் பட்டறை. காரின் டிக்கிப் பூட்டில் கோளாறு உள்ளவர்கள் புதிய பூட்டுக்குப் பணம் கட்டுவதற்கு முன் ஒருமுறை இங்கே காட்டிவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. பழுது எந்த இடத்தில் இருக்கிறது என்பதைச் சோதித்துத் தெரிந்துகொண்டு, அதை வண்டிக்காரருக்குக் கண்ணெதிரே காட்டிய பிறகே இங்கே வேலை தொடங்குகிறது. நான் போய் வந்த பட்டறைகளில் இந்த வழக்கம் அரிதாகவே இருந்திருப்பதால், நடந்ததைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன். டிக்கிப் பூட்டு எப்படி வேலை செய்கிறது, எங்கே பழுதாகிறது என்பது ஓரளவு தெரிந்திருந்தால், வேறு எந்தப் பட்டறைக்குப் போனாலும் கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்டுவிட முடியும்.

என்னுடையது எட்டாண்டுப் பழைய ஹேட்ச்பேக் கார்; பின் கண்ணாடியோடு சேர்ந்து டிக்கிக் கதவு மேலே தூக்கித் திறக்கும் வகை. சுங்குடிச் சேலை வியாபாரம் என்பதால், கட்டுகளை ஏற்றிக்கொண்டு காரைக்குடி, திண்டுக்கல், ராஜபாளையம் என்று கடை கடையாகப் போய் வருவதற்கு அந்த டிக்கிதான் ஆதாரம். ஒரு நாளில் அதைத் திறந்து மூடுவதற்குக் கணக்கே கிடையாது. கோளாறு முதலில் தலைகாட்டியபோது, நம்பர் பிளேட்டுக்கு மேலே இருக்கும் பட்டனை அழுத்தினால் சில வேளை திறக்கும், சில வேளை திறக்காது. பிறகு, வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே டிக்கி திறந்திருப்பதாக டேஷ்போர்டில் சிவப்பு விளக்கு எரியத் தொடங்கியது. இறங்கிப் பார்த்தால் கதவு இறுக மூடியபடியே இருக்கும். இடையில் ஒருமுறை ஃபியூஸ் போயிற்று. ஒரு காலை வேளையில் பேட்டரி இறங்கி வண்டி ஸ்டார்ட் ஆகாமல் நின்றது. கடைசியில் காரைக்குடியில் ஒரு கடை வாசலில் டிக்கி அறவே திறக்க மறுத்துவிட, பின் சீட்டை மடக்கி, கட்டுகளை ஒவ்வொன்றாகப் பக்கவாட்டுக் கதவு வழியே இழுத்து எடுக்க வேண்டியதாயிற்று.

இந்தப் பட்டறைக்கு வருவதற்கு முன் வேறொரு சேவை மையத்தில் வண்டியைக் காட்டியிருந்தேன். பூட்டை இழுத்துத் திறக்கும் மோட்டாரும், கதவு மூடியிருக்கிறதா என்று சொல்லும் சிறு சுவிட்சும் ஒரே பூட்டுக்குள் இருப்பதால், இரண்டும் தவறாக நடந்துகொண்டால் பூட்டு முழுவதையும் மாற்ற வேண்டும் என்றும், பொருளுக்கு மட்டும் சுமார் 5,000 ரூபாய் ஆகும் என்றும் சொன்னார்கள். இந்த வாதத்தில் பொருள் இல்லாமல் இல்லை. ஆனால் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு பட்டனை அழுத்தியபோது பூட்டு ஒவ்வொரு முறையும் ஒழுங்காக வேலை செய்தது, மூடினால்தான் தகராறு. திறந்திருக்கும்போது நன்றாக இருக்கும் பூட்டு மூடியவுடன் ஏன் கெடுகிறது என்று கேட்டதற்கு அங்கே விடை கிடைக்கவில்லை.

பைபாஸ் சாலைப் பட்டறையின் உரிமையாளர் முதலில் கருவி எதையும் தொடவில்லை, கேள்விகளாகக் கேட்டார். பட்டனை அழுத்தும்போது உள்ளே 'டக்' என்று சத்தம் கேட்கிறதா, கேட்காமலே போகிறதா? கதவைக் கையால் அமுக்கிக்கொண்டு பட்டனை அழுத்தினால் திறக்கிறதா? சாவியில் இருக்கும் ரிமோட்டால் மற்ற நான்கு கதவுகளும் ஒழுங்காகப் பூட்டுகின்றனவா? பின் கண்ணாடி வைப்பர் ஓடுகிறதா? இரவில் நம்பர் பிளேட் விளக்கு நின்று எரிகிறதா, துடிக்கிறதா? கடைசிக் கேள்விக்கு நான் விடை சொன்னபோது அவர் முகத்தில் ஒரு தெளிவு தெரிந்தது. நம்பர் பிளேட் விளக்கு மேடு பள்ளத்தில் துடிப்பதை என் மகன் முன்பே கவனித்துச் சொல்லியிருந்தான். ஆனால் அதற்கும் பூட்டுக்கும் தொடர்பு இருக்கும் என்று யாரும் அதுவரை எண்ணியிருக்கவில்லை.

சத்தம் பற்றிய முதல் கேள்வியே பாதிப் பழுதைப் பிரித்துவிடுகிறது என்று அவர் விளக்கினார். மோட்டார் சத்தம் நன்றாகக் கேட்டும் கதவு விடுபடவில்லை என்றால், மின்சாரம் வந்து சேர்ந்துவிட்டது, தடை கொக்கியில் இருக்கிறது என்று பொருள்: கிரீஸ் காய்ந்து இறுகியிருக்கலாம், பூட்டுக்குள் ஒரு நெம்புகோல் விலகியிருக்கலாம், அல்லது கதவு சற்று இறங்கிப்போய்க் கொக்கியின் மேல் பாரம் விழுந்துகொண்டிருக்கலாம். அந்தக் கடைசி வகைக் கோளாறுக்கு அடையாளம், ஒருவர் கதவைக் கீழே அமுக்கிப் பிடிக்க மற்றொருவர் பட்டனை அழுத்தினால் உடனே திறந்துகொள்வது. சத்தமே இல்லை என்றால் பூட்டைக் கழற்றுவதற்கு அவசரம் கிடையாது. ஃபியூஸ், பட்டன், வயர், பூட்டு மோட்டார் என்று மின்சாரம் வரும் வழியை வரிசையாகப் பார்த்து வர வேண்டும். என் வண்டியில் சத்தம் கேட்கவில்லை.

அதன் பிறகு அவர் செய்த சோதனை ஒவ்வொரு வண்டிக்காரரும் தெரிந்து வைத்திருக்கத் தக்கது. கதவைத் திறந்த நிலையிலேயே வைத்து, பூட்டின் வாயில் இருக்கும் கொக்கியை ஒரு ஸ்குரூ டிரைவரால் மெல்லத் தள்ளி, கதவு மூடும்போது பாடியில் இருக்கும் லாட வடிவக் கம்பி உள்ளே நுழைந்தால் எப்படிச் சுழலுமோ அப்படிச் சுழற்றிப் பூட்டினார். பட்டனை அழுத்தியதும் கொக்கி சட்டென்று விடுபட்டது. பூட்டு தன் வேலையைச் செய்கிறது என்பதற்கு இதுவே சான்று. கதவு திறந்திருக்க, கொக்கி மட்டும் பூட்டிய நிலையில் இருக்கும்போது தவறியும் கதவை அடித்து மூடிவிடக் கூடாது என்று அப்போதே எச்சரித்தார்; கம்பி கொக்கிக்குள் நுழைய முடியாமல் மோதி, இரண்டில் ஒன்று வளைந்துவிடும். பிறகு பூட்டின் சாக்கெட்டைப் பிடுங்கிவிட்டு, இடையே ஒரு ஃபியூஸ் வைத்த இரண்டு வயர்களால் பேட்டரியிலிருந்து நேரடியாகக் கணநேரம் மின்சாரம் கொடுத்துப் பார்த்தார். எத்தனை முறை கொடுத்தாலும் பூட்டு தயங்கவில்லை.

"பூட்டு நல்லாத்தாண்ணே இருக்கு. கரண்டுதான் வந்து சேர மாட்டேங்குது" என்றார்.

இந்த இடத்தில்தான் அவருடைய அனுபவம் எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. முன்பு பார்த்த சேவை மையத்தில் வோல்ட்டேஜை அளக்கும் மல்டிமீட்டரை வைத்து, பூட்டுக்கு 12 வோல்ட் வருகிறது, ஆகவே வயர் சரி, பூட்டுதான் பழுது என்று முடிவு கட்டியிருந்தார்கள். அவரும் மீட்டரை வைத்துக் காட்டினார். அதே அளவுதான் வந்தது. அடுத்து, மீட்டரை எடுத்துவிட்டு 21 வாட் பல்பு ஒன்றை அதே இரண்டு முனைகளில் பொருத்திப் பட்டனை அழுத்தச் சொன்னார். கதவு மேலே முழுவதும் தூக்கியிருந்தபோது பல்பு பளிச்சென்று மின்னியது. உதவியாளர் தம்பி கதவைப் பாதிக்கும் கீழே இறக்கிப் பிடித்தபோது ஒளி மங்கியது. ஏறக்குறைய மூடும் நிலைக்கு வந்தபோது எரியவே இல்லை. மீட்டர் தனக்காக இழுத்துக்கொள்ளும் மின்சாரம் மிக மிகக் குறைவு என்பதால், பல இழைகள் சேர்ந்த வயரில் ஒரே ஓர் இழை பட்டும் படாமலும் தொட்டுக்கொண்டிருந்தாலும் அது முழு வோல்ட்டேஜைக் காட்டிவிடும். 21 வாட் பல்புக்கோ ஏறக்குறைய ஒன்றே முக்கால் ஆம்பியர் வேண்டும். அந்த அரைகுறைத் தொடர்பால் அதைச் சுமக்க முடியாது. பூட்டு மோட்டாரின் நிலையும் அதுதான். இப்படிப் பல்பை வைத்துச் சோதிக்கும் டெஸ்ட் லாம்ப் என்பது பழைய காலத்துக் கருவி என்று நினைப்பவர்கள் உண்டு. இந்த வகைப் பழுதுக்கு அதைவிட நேர்மையான சாட்சி வேறில்லை என்பதை நேரில் பார்த்துவிட்டேன்.

பெரும்பாலான ஹேட்ச்பேக் கார்களில் டிக்கிக் கதவுக்குப் போகும் எல்லா வயர்களும் கூரையிலிருந்து கீலுக்கு அருகே மடிப்பு மடிப்பான ஒரு ரப்பர் குழாய் வழியாகத்தான் கதவுக்குள் நுழைகின்றன. பூட்டு, திறக்கும் பட்டன், கதவு திறந்திருப்பதைச் சொல்லும் சுவிட்ச், நம்பர் பிளேட் விளக்கு, பின் வைப்பர், கண்ணாடியில் பனி நீக்கும் கம்பி, உயரத்தில் இருக்கும் பிரேக் விளக்கு என்று வண்டிக்கு வண்டி சில கூடும், சில குறையும். ஆனால் வழி ஒன்றே. கதவைத் திறக்கும்போதும் மூடும்போதும் அந்தக் குழாய் மடங்கி நிமிர்வதால், உள்ளே இருக்கும் செம்பு இழைகள் ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப வளைந்து, ஒவ்வொன்றாக அறுந்துபோகின்றன. மேலே இருக்கும் பிளாஸ்டிக் உறை ஆண்டுக்கணக்கில் வெயிலில் காய்ந்து, அதன் மென்மை போய், விறைத்து, வெடிக்கிறது. கத்திரி வெயிலில் நாள் முழுவதும் தெருவோரம் நிற்கும் மதுரை வண்டிகளுக்கு, அதிலும் என்னைப் போலக் கடைக்குக் கடை டிக்கியைத் திறந்து மூடுபவர்களின் வண்டிகளுக்கு, இது சீக்கிரமே வருவதில் வியப்பில்லை.

ரப்பர் குழாயின் இரு முனைகளையும் கிளிப்பிலிருந்து விடுவித்து, பின்னுக்குத் தள்ளி, உள்ளே இருந்ததை அவர் காட்டியபோது எல்லாக் கோளாறுகளுக்கும் விடை ஓரிடத்தில் கிடைத்தது. பூட்டு மோட்டாருக்குப் போகும் வயர் செம்பு முழுவதும் அறுந்து, உறையின் பிடியில் மட்டுமே தொங்கிக்கொண்டிருந்தது. கதவு மேலே இருக்கும்போது அறுந்த முனைகள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டன, மூடும்போது விலகிக்கொண்டன. திறந்து வைத்துச் சோதித்தவர்களுக்குப் பழுது அகப்படாமல் போனதன் காரணம் இதுதான். கதவு சுவிட்சின் வயரில் உறை வெடித்து, செம்பு வெளியே தெரிந்தது; அது பக்கத்தில் இருந்த எர்த் வயரைத் தொடும்போதெல்லாம் கதவு திறந்திருப்பதாக வண்டி எண்ணிக்கொண்டது. நம்பர் பிளேட் விளக்கின் வயரும் பாதி அறுந்திருந்தது. மின்சாரம் உள்ள வயர் ஒன்று எப்போதோ எர்த்தைத் தொட்டதால்தான் ஃபியூஸ் போயிருக்கிறது. நம்பர் பிளேட் விளக்கு பூட்டுக்குள் இருக்கும் பொருள் அன்று. பூட்டுதான் பழுது என்ற முடிவு அந்த ஒரு துடிப்பை விளக்காமலே விட்டிருந்தது. எல்லா அறிகுறிகளையும் சேர்த்து விளக்கும் இடம் எதுவோ அங்கேதான் முதலில் தேட வேண்டும் என்பது இவருடைய முறை. புதிய பூட்டை மாட்டியிருந்தாலும் அதே அறுந்த வயரில்தான் அதை இணைத்திருப்பார்கள்.

பேட்டரி இறங்கியதற்கும் விளக்கம் இதிலேயே இருந்தது. கதவு திறந்திருப்பதாக வண்டி எண்ணும்போது டிக்கிக்குள் இருக்கும் சிறு விளக்கு எரியும். கதவு மூடியிருப்பதால் அது எரிவது வெளியே தெரியாது. 5 வாட் பல்பு என்றாலும் ஏறக்குறைய 0.4 ஆம்பியர் வீதம் ஒரு நாளில் 10 ஆம்பியர் மணி அளவுக்கு மின்சாரத்தைக் குடித்துவிடும். என் கார் போன்ற சிறிய வண்டிகளில் 35 ஆம்பியர் மணிப் பேட்டரிதான் இருக்கிறது. இரண்டு மூன்று நாள் வண்டியை எடுக்காமல் விட்டால் ஸ்டார்ட் ஆகாது. குறிப்பிட்ட நேரத்துக்குப் பிறகு இந்த விளக்கைத் தானே அணைத்துவிடும் ஏற்பாடு சில புதிய வண்டிகளில் உண்டு, என்னுடையதில் இல்லை. கைபேசியில் வீடியோவை ஓடவிட்டு டிக்கிக்குள் வைத்து மூடினால், விளக்கு அணைகிறதா என்று பிறகு பார்த்துத் தெரிந்துகொள்ளலாம் என்று அந்த உதவியாளர் தம்பி சொன்ன யோசனை எளிமையானது. மறு வாரமே வீட்டில் அதைச் செய்து பார்த்து, விளக்கு அணைவதை உறுதிசெய்துகொண்டேன்.

ஃபியூஸ் பற்றி ஒரு சொல். ஃபியூஸ் போன அன்று, வழியில் இருந்த ஒரு கடையில் கூடுதல் ஆம்பியர் ஃபியூஸ் போட்டால் இனிப் போகாது என்று சொல்லி அப்படியே மாட்டிவிட்டிருந்தார்கள். பட்டறை உரிமையாளர் அதைக் கண்டதும் முதல் வேலையாகக் கழற்றிவிட்டு, வண்டியின் கையேட்டில் சொன்ன அளவிலேயே வேறொன்றைப் போட்டார். ஃபியூஸ் காப்பது பூட்டையோ விளக்கையோ அன்று, வயரை. உறை வெடித்த வயர் பாடியைத் தொடும்போது அளவான ஃபியூஸ் உடனே போய்விடும்; அளவு மீறிய ஃபியூஸ் போகாமல் நின்றால், சூடேறுவது கூரைத் துணிக்கும் சீட் பஞ்சுக்கும் நடுவே போகும் வயர்தான். டிக்கி நிறையத் துணிக்கட்டுகளோடு போகும் என்னைப் போன்றவர்கள் இதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளவே முடியாது.

இனி, பழுது பார்த்த விதம். அறுந்த இடத்திலேயே இரண்டு முனைகளையும் முறுக்கி டேப் சுற்றிக் கொடுத்துவிட்டால் வேலை சில நிமிடங்களில் முடிந்திருக்கும். கதவு அதே இடத்தில் மீண்டும் வளையும்போது அதுவும் சில மாதங்களில் அறுந்துபோயிருக்கும். அதனால் அவர் பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிவிட்டு, குழாய்க்குள் இருக்கும் பகுதியில் எல்லா வயர்களையுமே வெட்டி எடுத்துவிட்டு, அதே பருமனுள்ள, மெல்லிய இழைகள் நிறைந்த, எளிதில் வளையும் புதிய வயர்களை நீளமாகப் போட்டார். இணைப்புகள் ஒன்றுகூட வளையும் பகுதியில் இல்லை. ஒரு பக்க இணைப்புகள் கூரைக்குள்ளும், மறு பக்க இணைப்புகள் கதவுக்குள்ளும் வருமாறு அளந்து வைத்தார். ஈயம் வைத்துச் சோல்டர் செய்த வயர் அந்த இடத்தில் விறைத்துப்போகும் என்பதால், விறைப்பு முடியும் விளிம்பில் வளைவு பட்டால் அங்கே எளிதில் ஒடியும் என்பதும், அதற்காகவே இணைப்பை வளைவிலிருந்து தள்ளி வைக்க வேண்டும் என்பதும் அவர் வேலை செய்துகொண்டே சொன்னவை. இணைப்புகள் எல்லாம் ஒரே இடத்தில் குவிந்து தடிக்காதபடி ஒன்றன்பின் ஒன்றாகத் தள்ளித் தள்ளி அமைத்து, ஒவ்வொன்றின் மீதும் சூடு காட்டினால் சுருங்கிப் பிடிக்கும் ஸ்லீவ் போட்டார். முறிந்த ஒரே வயரை மட்டும் மாற்றாமல் எல்லாவற்றையும் மாற்றியது தேவைதானா என்று கேட்டேன். ஒரே வயதுள்ள, ஒரே இடத்தில் வளைந்த வயர்களில் ஒன்று அறுந்திருக்கும்போது மற்றவை அதிக நாள் தாங்காது என்றார். உறை விண்டுபோயிருந்த மற்ற வயர்களையும் நான் பார்த்தேன். அவர் சொன்னது சரி.

ரப்பர் குழாயை மீண்டும் மாட்டும்போது அதன் உதடு பாடியில் சுற்றிலும் ஒழுங்காக உட்கார்ந்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்துவிட்டு, கையோடு ஒரு வாளித் தண்ணீரைக் கூரை ஓரமாக ஊற்றிச் சோதித்தார். அந்த உதடு சற்றே மடங்கியிருந்தாலும் மழை நீர் வயரை ஒட்டியபடியே கூரைத் துணிக்குள் இறங்கிவிடும். ஐப்பசி மழைக்குப் பிறகு டிக்கி ஓரம் ஈரமாக இருக்கிறது என்று வரும் வண்டிகளில் சில, முன்பு யாரோ வயர் வேலை பார்த்துவிட்டுக் குழாயைச் சரியாக மாட்டாமல் விட்டவைதான் என்றார்.

பூட்டு நல்ல நிலையில் இருந்தாலும் அதையும் கழற்றிப் பார்க்காமல் விடவில்லை. மேலூர்ப் பக்கம் அடிக்கடி போய் வரும் வண்டி என்பதால் கல் குவாரிகளின் பொடி கொக்கிக்குள் இருந்த பழைய கிரீஸோடு சேர்ந்து சாந்தாகக் கட்டியிருந்தது. மண்ணெண்ணெயில் கழுவி, துடைத்து, உலரவிட்டு, வெள்ளை லித்தியம் கிரீஸை மிகக் கொஞ்சமாக, கொக்கி சுழலும் அச்சிலும் அது உராயும் விளிம்பிலும் மட்டும் தடவினார். பூட்டு இறுகினால் கையில் கிடைத்த ஸ்பிரேயை அடிக்கும் பழக்கம் பலருக்கு உண்டு. நீரை விலக்கவும் துருவை இளக்கவும் அது நன்றாக உதவும், ஆனால் அது விட்டுச் செல்லும் மெல்லிய படலம் நெடுநாள் வழுக்குத் தராது. இன்ஜின் ஆயிலை ஊற்றுவது அதைவிடத் தீங்கு. வழிந்து ஓடுவதோடு தூசியை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். சாவி நுழையும் துளைக்கு மட்டும் எண்ணெயும் கிரீஸும் வேண்டாம், கிராஃபைட் பொடி போதும் என்றார்.

கதவு மூடும்போது வந்துகொண்டிருந்த லேசான ஆட்டத்தையும் அவரே கண்டுபிடித்தார். பாடியில் இருக்கும் கம்பியின் இரண்டு போல்ட்டுகளைத் தளர்த்துவதற்கு முன், அதன் பழைய இடத்தைச் சுற்றிப் பேனாவால் கோடு போட்டுக்கொண்டு, ஒரு மில்லிமீட்டர் அளவுக்கு மட்டும் நகர்த்தி இறுக்கினார். கதவின் இரு ஓரத்திலும் இருக்கும் ரப்பர் முட்டுகளைத் திருகி உயரத்தைச் சரிசெய்த பிறகு, காகிதத் துண்டு ஒன்றைக் கதவுக்கும் ரப்பர் பட்டைக்கும் நடுவே வைத்து மூடி இழுத்துப் பார்த்து, சுற்றிலும் ஒரே அளவில் பிடிக்கிறது என்பதைக் காட்டினார். இதற்காகத் தனிக் கூலி கேட்கவில்லை.

நான் காத்திருந்த நேரத்தில் பக்கத்தில் ஒரு பழைய செடான் கார் நின்றது. அதன் டிக்கி, ஓட்டுநர் சீட்டுக்கு அருகில் இருக்கும் நெம்பை இழுத்தால் கேபிள் வழியாகத் திறக்கும் வகை. நெம்பு எந்த எதிர்ப்பும் இல்லாமல் தளர்வாக வந்துகொண்டிருந்தது. இந்த வகையில் கேபிள் அறுந்திருக்கும், அல்லது அதன் முனை பூட்டின் கொக்கியிலிருந்து கழன்றிருக்கும். சாவித் துளை துருப்பிடித்து இறுகிவிட்டதால், பின் சீட்டின் முதுகைக் கழற்றி உள்ளே கை விட்டுத்தான் திறந்தார்கள். ரிமோட்டும் நெம்பும் இருக்கின்றன என்று சாவித் துளையைப் பயன்படுத்தாமலே விட்டுவிட்டால், தேவைப்படும் அன்று அது சுழலாது. மாதம் ஒருமுறையாவது சாவியைப் போட்டுத் திறக்க வேண்டும் என்று அந்த வண்டிக்காரரிடம் சொன்னது எனக்கும் பயன்பட்டது. ஹேட்ச்பேக்கில் இதற்கு இணையான வழி, கதவின் உள்பக்கப் பலகையில் இருக்கும் ஒரு சிறு மூடி. பல மாடல்களில் அதை நெம்பி எடுத்து, ஸ்குரூ டிரைவரால் உள்ளே இருக்கும் கொக்கியைத் தள்ளினால் மின்சாரம் இல்லாமலே கதவு திறக்கும். என் வண்டியில் அது எங்கே இருக்கிறது என்பதைக் காட்டி, என்னையே ஒருமுறை திறக்கச் செய்தார். காரைக்குடியில் இது தெரிந்திருந்தால் கட்டுகளைப் பக்கவாட்டில் இழுத்திருக்க வேண்டியதில்லை.

எல்லாம் சேர்த்து 1,200 ரூபாய் வாங்கினார்கள். வேலை தொடங்குவதற்கு முன்பே, பல்புச் சோதனை முடிந்த கையோடு, இவ்வளவு ஆகும் என்று சொன்ன தொகை அது; முடிவில் ஒரு ரூபாய் கூடவில்லை. வெட்டி எடுத்த பழைய வயர்களை ஒரு காகிதத்தில் சுற்றி என்னிடமே கொடுத்துவிட்டார்கள். அதன் பிறகு ஐப்பசி, கார்த்திகை மழையெல்லாம் கடந்தும் டிக்கி ஒரு முறைகூட மறுக்கவில்லை. நம்பர் பிளேட் விளக்கும் நின்று எரிகிறது.

குறைகளையும் சொல்ல வேண்டும். காத்திருப்பவர்களுக்கு உட்கார நிழல் போதாது. வேப்பமரத்தடியில் போட்டிருக்கும் ஒரு பெஞ்சுதான் உண்டு, இரண்டு வண்டிக்காரர்கள் சேர்ந்தால் மூன்றாமவர் நிற்க வேண்டும். பில்லைக் கேட்டு வாங்க வேண்டியிருந்தது. கேட்டதும் எழுதிக் கொடுத்தார்கள் என்றாலும், மாற்றிய பொருள், கூலி என்று பிரிக்காமல் மொத்தத் தொகையாக எழுதியிருந்தார்கள். கம்பெனிக் கணக்கில் வண்டி வைத்திருப்பவர்களுக்கு இது இடைஞ்சலாக இருக்கும். கதவின் உள்பலகையைக் கழற்றும்போது ஒரு பிளாஸ்டிக் கிளிப் உடைந்துவிட்டது. எட்டாண்டு வெயிலில் காய்ந்த கிளிப் உடைவது இயல்பு. ஆனால் அதே கிளிப் அன்று கையிருப்பில் இல்லாததால், அது வரும் வரை மேடு பள்ளத்தில் பலகை கடகடத்துக்கொண்டிருந்தது. வந்ததும் தொலைபேசியில் அழைத்து, காசு வாங்காமல் மாட்டிக் கொடுத்தார்கள்.

உத்தரவாதக் காலம் முடியாத புதிய வண்டியாக இருந்தால் இங்கே கொண்டுவர வேண்டாம். வயரில் வெளி ஆள் கை வைத்தால் அந்த உத்தரவாதத்துக்குச் சிக்கல் வரலாம் என்று இவர்களே சொல்லித் திருப்பி அனுப்புவதைப் பார்த்தேன். டிக்கி தானே ஏறி இறங்கும் மோட்டார் வைத்த வண்டிகளையும் எடுப்பதில்லை. அதற்கு வேண்டிய ஸ்கேனர் தங்களிடம் இல்லை என்று முதலிலேயே சொல்லிவிடுகிறார்கள். மற்றவர்கள், டிக்கிக்குள் இருக்கும் பொருள்களை இறக்கிவிட்டு, பின் சீட்டை மடக்கும் நிலையில் வைத்துக்கொண்டு காலையிலேயே வருவது நல்லது. கதவை மேலும் கீழும் ஆட்டிச் சோதிக்க வேண்டியிருப்பதால் பிற்பகலில் வரும் வண்டிகளை மறுநாள் வரை நிறுத்திவிட்டுப் போகச் சொல்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை விடுமுறை. கைபேசி வழியாகவும் பணம் செலுத்தலாம்.